மாலை போட்ட மெஷின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கவுண்டரில் உட்காரும் பெட்ரீசியாவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று எங்கள் நர்சிங் ஹோமில் எல்லாருமே சொல்வார்கள். பயந்த சுபாவமும் கிடையாது. ஆனால் 1989-இல் ஆயுத பூசை அன்று மத்தியானம் நான் பயந்த பயம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்துத் துரை இருந்த பழைய பங்களாவில்தான் நர்சிங் ஹோம் நடந்தது. மரங்களை வெட்டித் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள், பங்களா மட்டும் மிச்சம். பெரிய டாக்டரின் கிளினிக் டவுனில் இருந்தது. நோயாளிகளுக்கு என்ன வியாதி, என்ன மருந்து கொடுத்தோம், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அந்த டவுன் கிளினிக்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. அதற்கு 'ரெக்கார்ட்ஸ்' என்று பெயர். இரண்டு இடத்துக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த டெலிபோன் கம்பி. இங்கே என் கவுண்டரில் தட்டினால் அங்கிருந்து விவரம் வரும். பழைய அட்டைகளையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார் பெரிய டாக்டர். இடத்தை அடைக்கிறதாம்.

இதை அமைத்துக் கொடுத்தவன் என் சித்தி மகன் அலெக்சாண்டர். தஞ்சோங் மாலிம்காரன், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவன். படித்ததையெல்லாம் எங்கள் பங்களாவில் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"அக்கா, ஒவ்வொரு மெஷினுக்கும் நீட்டமா ஒரு நம்பர் இருக்கு. அதெல்லாம் மனுசன் ஞாபகம் வெச்சிக்க முடியாதுலா. மூலையில இருக்கே ஒரு மெஷின், அதுக்கு எல்லாத்தோட நம்பரும் தெரியும். நீங்க 'ரெக்கார்ட்ஸ்'னு பேரு மட்டும் அடிங்க. உங்க மெஷின் அதுகிட்ட கேக்கும், அது நம்பர சொல்லும், அப்புறம் நேரா டவுனுக்குப் போயிரும்."

அவன் அதற்கு நேம் சர்வர் என்று பெயர் சொன்னான். எங்களுக்கு அது பேரு மெஷின். முன்பு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் எல்லா நம்பரையும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தான். ஒன்று மாறினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று மற்றதிலெல்லாம் அழித்துவிட்டு, இந்த ஒன்றில் மட்டும் வைத்தான். பங்களாவில் ஜெனரேட்டர் இருந்ததால் கரண்டு போனாலும் அணையாது என்று இங்கேயே வைத்தான். சுவிட்சின் மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியும் விட்டுப்போனான். அதன் முன்னால் யாரும் உட்காருவதில்லை. மூலையில் அது பாட்டுக்கு முனகிக்கொண்டு கிடக்கும்.

பூசை அன்று எனக்கு மத்தியான ஷிப்டு. நான் வேதக்காரி என்றாலும் மாயாண்டி அண்ணன் வைக்கும் பூசைப் பொரியை விடமாட்டேன். அவர்தான் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். ஜெனரேட்டர் ஓட்டுவது, கூரை ஒழுகினால் அடைப்பது, எல்லாம் அவர்தான். பூசையைக் காலையிலேயே முடித்துவிட்டுக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வார்டில் புது ஆள் இல்லை. மழை மேகம் கருத்துக் கட்டியிருந்தது. நான் பொரியை மென்றுகொண்டு கவுண்டரில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஒரு லாரி வாசலில் வந்து முட்டாத குறையாக நின்றது. ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா! எங்க அண்ணி அக்கா! கண்ணு தெறக்க மாட்டேங்கிறாங்க! காலையில இருந்து தலவலின்னாங்க, இப்ப கை காலு வெட்டி வெட்டி இழுக்குது!"

அவன் பெயர் பிச்சைமுத்து. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. பாப்பா. பாப்பா என்பதுதான் பெயர், கையுறை பேக்டரியில் வேலை செய்கிற பெண். போன வருடம் இதே வார்டில் ஒரு ஊசி போட்டதும் முகம் வீங்கி, உதடு வீங்கி, மூச்சு நின்று, அப்போதிருந்த டாக்டர் நெஞ்சைக் குத்திக் குத்திப் பிழைக்க வைத்தார். அவர் இப்போது ஆஸ்திரேலியாவில்.

இப்போதைய டாக்டர் லூயிஸ், பாரிட் புந்தார் ஊர்ப் பையன், வந்து கொஞ்ச நாள்தான். பாப்பாவின் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து வளையவில்லை.

"மூளைக் காய்ச்சல்" என்றார். "ஊசி போடாம ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஏத்துனா வழியிலயே போயிரும். இப்பவே போடணும்."

"டாக்டர், இருங்க! இந்தப் பொண்ணுக்கு ஒரு ஊசி ஆகாது. போன வருசம் செத்துப் பொழச்சா. நானே பாத்தேன்."

"எந்த ஊசி?"

எந்த ஊசி? வீங்கிய முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மருந்தின் பெயர் ஞாபகம் இல்லை. பிச்சைமுத்துவைப் பார்த்தேன். "தெரியலக்கா! அண்ணனுக்குத்தான் தெரியும். அவரு சிங்கப்பூர்ல கட்டட வேலையில நிக்கிறாரு" என்று அழுதான்.

அலமாரியில் இந்த வியாதிக்கு இரண்டு மருந்துதான் இருந்தது. ஒன்று பெனிசிலின். இன்னொன்று, வாயில் நுழையாத பெயர், நீல மூடி என்றுதான் சொல்வோம். போன வருடம் போட்டதும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பாப்பாவைக் காப்பாற்றும். இன்னொன்று கொன்றுவிடும்.

"ரெக்கார்டப் பாருங்க!" என்று கத்தினார் டாக்டர்.

ஓடிப்போய்த் தட்டினேன். வழக்கமாகக் கண் சிமிட்டுவதற்குள் வரும். வரவில்லை. திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரெக்கார்ட்ஸ் என்று ஒன்று தனக்குத் தெரியாது என்று பச்சை எழுத்தில் சொன்னது. மறுபடி தட்டினேன். மறுபடியும் தெரியாது. தினமும் பத்துத் தரம் போய்வருகிற இடத்தைத் தெரியாதாம். பாழாய்ப் போகிறவனே என்று மானிட்டரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டவுன் கிளினிக்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூசைக்காக அரைநாளோடு பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய டாக்டர் சாவியோடு கோலா கங்சாரில் மச்சான் வீட்டில். அலெக்சாண்டர் வீட்டுக்குப் போட்டேன். அவன் மனைவி எடுத்து, "மாதா கோயில் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு லூமுட் கடலுக்குப் போயிருக்காரு அக்கா" என்றாள். மாதாவே, இவனுக்குக் கடலுக்குப் போக வேறு நாளே கிடைக்கவில்லையா!

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அறை அமைதியாக இருந்தது. மூலையில் எப்போதும் கேட்கும் அந்த முனகல் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பேரு மெஷினுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். முன்னால் வாழை இலையில் பொரி, அவல், இரண்டாக வெட்டிய எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஸ்பேனர், பாராங் கத்தி, ஒரு பழைய ஸ்டெதஸ்கோப்பு. நான் வாயில் போட்டு மென்ற பொரியே அங்கிருந்து எடுத்ததுதான், மாலைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று நான் பார்க்கவே இல்லை.

"மாயாண்டி அண்ணே!"

நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார்.

"இத யாரு அணைச்சா?"

"நான்தான் தங்கச்சி. மத்ததெல்லாம் வேலை செய்யுது, எடுக்க முடியாது. இது ஒண்ணுதான் சும்மா உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரி சார்பா ஒரு கம்ப்யூட்டர சாமிக்கு வெச்சா நல்லதுன்னு..."

"தொடாதேன்னு ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலயா?"

"சுவிட்ச நான் தொடவே இல்ல. பிளக்கத்தான் புடுங்குனேன்."

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. நம்பர் தெரிந்தால் பெயரே வேண்டாம், நேராக ரெக்கார்ட்ஸுக்குப் போய்விடலாம். நம்பர் யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே மெஷினைத்தான் மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார் மனுசன்.

நான் குனிந்து பிளக்கை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். அதுவரை ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லை.

"வேணாம் தங்கச்சி. நாளைக்குக் காலையில மறு பூசை போட்டுத்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா ஒரு உசுரு போயிரும்."

"அண்ணே, விடுங்க!"

"வெளையாட்டுக்குச் சொல்லல. என் தம்பி சீனி, தோட்டத்துல, பூசையில வெச்ச பாராங்க அன்னைக்கே எடுத்துட்டுப் போனான். வேலிக்குக் கம்பு வெட்டத்தான். பொழுது சாயறதுக்குள்ள மரம் விழுந்து செத்தான். நான்தான் தூக்கியாந்தேன். தலைய ஒரு துணியில தனியா கட்டித் தூக்கியாந்தேன்."

அவர் என் கையை விடவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பிளக்கு கையில் கனத்தது.

உள்ளேயிருந்து பிச்சைமுத்து "அண்ணி! அண்ணி!" என்று அலறினான். கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. மறுபடி இழுப்பு வந்துவிட்டது.

"ஒரு உசுரு போகும்னு சொல்றீங்களே அண்ணே, அங்க ஒண்ணு போயிக்கிட்டே இருக்கு. கேக்குதா?"

அவர் வார்டுப் பக்கம் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். என் கையிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ தள்ளு" என்றார். "நீ தொடாத. வெச்சவன் நானு, எடுக்கிறவனும் நானா இருக்கட்டும். வர்றது எனக்கு வரட்டும்."

மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இலையை நகர்த்தினார். பிளக்கைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் விரலை வைத்து, தொடக்கூடாது என்றிருந்த அந்த சுவிட்சையும் அவரே ஒரு தரம் அணைத்துப் போட்டார்.

முனகல் வந்தது. சந்தன வாசனையோடு லேசாகத் தீய்கிற வாடையும் வந்தது. இயேசுவே, எரிந்துவிடாதே. அதன் திரையில் எழுத்து ஓடியது, நின்றது. பாதியில் பிளக்கைப் பிடுங்கியதால் தன் டிஸ்க்கையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். ஒரு புள்ளி போட்டது. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு புள்ளி.

"பெட்ரீசியா!" டாக்டர் வாசற்படியில் நின்றார். கையில் ஊசி. "இனி தாங்காது. பெரும்பாலும் பெனிசிலின்தான் இப்படி வீங்க வைக்கும். நான் நீல மூடிய போடப் போறேன்."

"கொஞ்சம் துங்கு டாக்டர், பொறுங்க, வந்திரும்!"

"வரலன்னா?"

இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு அந்தத் திரையிடம்தான் கெஞ்சினேன். அவர் திரும்பி நடந்தார். புள்ளி. இன்னொரு புள்ளி. மாயாண்டி அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு "மாரியாயி, மாரியாயி" என்று முணுமுணுத்தார். நானும் மாதாவோடு சேர்த்து மாரியாயியையும் கூப்பிட்டேன். யாராவது வந்தால் சரி.

புள்ளிகள் நின்றன. பேரு மெஷின் தயார் என்று சொன்னது. கவுண்டருக்குத் தாவினேன். ரெக்கார்ட்ஸ் என்று அடிக்க விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் அடித்தேன். திரை வந்தது. பாப்பாவின் பெயரைப் போட்டேன். மெதுவாக, வரிவரியாக இறங்கியது. கடைசி வரியைப் படித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

"நீல மூடிதான்! நீல மூடிதான் ஆகாது! போடாதீங்க!"

டாக்டர் பாப்பாவின் கையில் ஊசி நுனியை வைத்திருந்தார். அப்படியே எடுத்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அதைத் தட்டில் போட்டுவிட்டுப் பெனிசிலினை உடைத்தார்.

மருந்து ஏறியது. முகம் வீங்கவில்லை, உதடு வீங்கவில்லை. இழுப்பு மெல்ல அடங்கியது. உடனே ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நான் ஆம்புலன்ஸ் சாவிக்காக மாயாண்டி அண்ணனைத் தேடினேன். அவர் சாவியைப் பிச்சைமுத்துவின் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"நீ லாரி ஓட்டுறவன்தானே தம்பி. நீயே ஓட்டு. நான் உக்காந்திருக்கிற வண்டியில அந்தப் பொண்ணு இன்னைக்கு வரக்கூடாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டாக்டரும் ஏறிக்கொள்ள, மழையோடு மழையாக வண்டி போனது.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். பாப்பா கண் திறந்தாளாம், தண்ணீர் கேட்டாளாம். நான் போனை வைத்துவிட்டுக் கத்தினேன். "அண்ணே! பொழச்சுட்டா! பாத்தீங்களா, ஒரு உசுரும் போகல!"

அவர் பேரு மெஷினின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இருட்டுகிற வரை யாரும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். என்னைப் பார்த்துச் சிரித்தார், நிஜமான சந்தோஷத்தோடு.

"நல்லது தங்கச்சி. அப்ப அந்தப் பொண்ணுக்கு இல்ல" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. ஷிப்டு முடிந்து அவர் ஹெல்மெட்டை எடுத்தார். ரோடு நனைந்து பளபளத்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் நான் போய் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"என்ன தங்கச்சி இது?"

"பேசாம வாங்க அண்ணே."

அவரைப் பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துப்போனேன். பஸ் வந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார விடாமல் உள்பக்கம் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் கை அவர் சட்டையைப் பிடித்தது. அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி கதவைத் திறக்கிற வரை நின்றேன்.

என் வீடு அதற்கு நேர் எதிர்த் திசையில்.