கெண்டைக்காலில் ஒரு துளை

சிலை நிற்க மாட்டேன் என்றது. சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்து நிலானி கையை எடுத்ததும், மத்தியானச் சாப்பாடு முடித்துச் சாய்மனைக் கதிரையில் சாய்கிறவரைப் போல அது அவசரமில்லாமல் பின்பக்கம் சரிந்தது. பிடித்தாள். திரும்ப வைத்தாள். திரும்பவும் சரிந்தது. ரசமட்டத்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தாள். குமிழி சரி நடுவில் நின்றது. ஆக, பிழை மேசையில் இல்லை.

தரையில் வைத்தால் முழங்காலுக்கு மேலே வருகிற உயரம். வெள்ளை வர்ணம் தடித்துப் பூசிய பிளாஸ்டர் சிலை. குட்டை அங்கி போட்டு, இடுப்பில் கச்சை கட்டிய ஓர் இளைஞன். தோள்களுக்குக் குறுக்கே ஓர் ஆடு. அதன் முன்கால்கள் ஒரு கையில், பின்கால்கள் மறு கையில். எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இடது கெண்டைக்காலின் பின்பக்கத்தில், விரல் நுழைகிற அளவில், சதுரமாக ஒரு துளை.

நிலானியைக் குடைந்தது அந்தத் துளைதான். டேனிஷ் ஊரான சில்க்போர்க்கில் தண்ணீர்ப் பம்புகளுக்கு மாதிரி உறுப்புகள் வார்க்கும் தொழிற்சாலையில் அச்சு செய்வது அவளுடைய வேலை. வார்ப்பில் யாரும் சும்மா துளை வைப்பதில்லை. துளை என்றால் மேலதிக வேலை. அதுவும் சதுரத் துளை என்றால், உள்ளே போகிற பொருள் திரும்பக்கூடாது என்று ஒருவர் யோசித்து வைத்தது.

சிலையை வாங்கி வந்தவர் அவளுடைய மாமனார் கிறிஸ்துநாயகம். மன்னாரிலிருந்து வந்து, இந்த ஊரின் தெருக்களில் மஞ்சள் சைக்கிளில் கடிதம் கொடுத்தே முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றவர். கென்புரு என்று எல்லோரும் சொல்கிற பழைய சாமான் கடையில், உடைந்த விளக்குகளுக்கு நடுவில் இதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆடு சுமக்கிற ஆண்டவர். நல்லாயன். வருகிற நல்லாயன் ஞாயிறன்று தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றுப்பிரகாரம் போக ஒரு சுருவம், தோளில் தூக்குகிற சிலை, இல்லையே என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். போன பூசையிலேயே எழுந்து நின்று, சுருவம் என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார்.

அதன்பிறகுதான் அது விழுகிற சுருவம் என்று தெரிந்தது. வரவேற்பறை மூலையில் சுவரோடு சாய்த்து, முன்னால் ஒரு பால்மாத் தகர ரின்னை முட்டுக்கொடுத்து, பின்னேரங்களில் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சபைக் கூட்டாளி குணசேகரம் வந்து பார்த்துவிட்டுப் போனதில் நிலைமை இன்னும் மோசமானது.

"ஆட்டுக்குட்டி எண்டு சொன்னியள், இது கொம்பு முளைச்ச கடாவெல்லோ," என்றிருந்தார் குணசேகரம். "உதைத் தோளிலை தூக்கிக்கொண்டு போனால், ஞாயிற்றுக்கிழமை நல்லாயன் எங்களுக்கு மேலைதான் விழுவார்."

இப்போது கிறிஸ்துநாயகம் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து, மருமகள் செய்வதை வைத்தியரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். துளைக்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது: உள்ளே பல்ப் போட வயர் விடுகிற ஓட்டை. அவருடைய மகன், நிலானியின் கணவன் டெனிஸ்ரன், தேநீரோடு அந்த வழியால் போகும்போது, பல்ப் எரிய வேண்டுமென்றால் காலில் ஏன் ஓட்டை வைக்கிறார்கள், குதிக்காலிலா வெளிச்சம் வரும் என்று கேட்டுவிட்டுப் போனான்.

நிலானி ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். சிலையை அடித்தட்டின் விளிம்பில் மெல்லச் சாய்த்துப் பிடித்து, எந்த இடத்தில் அது இந்தப் பக்கமும் விழாமல் அந்தப் பக்கமும் விழாமல் தயங்குகிறது என்று பார்த்தாள். பிறகு மாமாவுக்கு விளக்கினாள். ஒரு பொருளின் முழுப் பாரமும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியிலிருந்து நேரே கீழே ஒரு நூல் விட்டால், நூல் அடித்தட்டுக்குள் விழ வேண்டும். விழுந்தால் பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் சரியும். இந்தச் சிலையின் ஆடு முழுக்கப் பிடரிக்குப் பின்னால் கிடக்கிறது. நூல் குதிக்காலுக்கும் பின்னால் போகிறது.

"அப்ப செய்தவன் மடையனே?" என்றார் அவர்.

அதைத்தான் அவளும் யோசித்தாள். இவ்வளவு நுட்பமாக விரல் நகம் வரைக்கும் செய்தவன், நிற்குமா என்று பார்க்காமலா விட்டிருப்பான்? அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்விளிம்பில் ஒரு வெட்டு இருந்தது. உடைந்தது என்று இதுவரை நினைத்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தபோது ஓரங்கள் வழுவழுப்பாக இருந்தன. அதுவும் வேண்டுமென்றே விட்ட இடம்தான். எதுவோ ஒன்று இங்கே செருகி, அங்கே மாட்டி இருந்திருக்கிறது. அது என்ன, எங்கே போனது?

துடைத்த கையோடு கணுக்காலையும் துடைத்தாள். பழைய வர்ணம் பொருக்காக உதிர்ந்தது. அதற்கடியில் வரிவரியாக ஏதோ. நகத்தால் சுரண்டினாள். இறகு. கணுக்காலில் முளைத்த ஒரு சின்னச் சிறகு. மற்றக் கணுக்காலிலும் ஒன்று.

"சம்மனசோ?" என்று மெல்லக் கேட்டார் கிறிஸ்துநாயகம். பிறகு அவரே தலையை ஆட்டினார். வானதூதர்களான சம்மனசுகளுக்குச் சிறகு தோளில் அல்லவா இருக்கும்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நின்றது மெலிந்த, உயரமான ஒரு டேனிஷ் பெண். எழுபது வயதிருக்கும். கையில் துவாயில் சுற்றிய ஏதோ ஒன்று. தன் பெயர் இங்கர் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்துநாயகம் கைகாட்டி, ஏரிப்பக்கத் தெருவின் கடைசி வீடு, நீலப் படலைக் கதவு, முள்ளெலிக்குப் பால் வைக்கிற வீடு என்று டேனிஷில் சொல்லிவிட்டார். தபால்காரருக்கு முகத்துக்கு முன்னால் விலாசம்தான் நினைவுக்கு வரும்.

இங்கர் சிரித்தார். பிறகு மூலையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"அவர் இங்கே இருக்கிறார்," என்றார்.

வீட்டை விற்றுச் சின்ன அடுக்குமாடிக்கு மாறும்போது, சாமான் ஏற்ற வந்த மகன் தெரியாமல் சிலையைக் கென்புருவுக்குக் கொடுத்துவிட்டானாம். கடையில் விசாரித்தபோது, நம்முடைய பழைய தபால்காரர்தான் வாங்கினார் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கருடைய மாமா செய்த சிலை அது, ஓவியப் பள்ளியில் ஒரு பளிங்குச் சிலையைப் பார்த்துச் செய்தது. ஆனால் அவர் தேடி வந்தது அதற்காக மட்டுமில்லை. இங்கர் கொஞ்சம் தயங்கி, நாங்கள் சிலர் பழைய கிரேக்கக் கடவுள்களைக் கும்பிடுகிறவர்கள் என்றார். கோப்பன்ஹேகனில் சிலர், ஓல்போர்க்கில் ஒரு தம்பதி, இங்கே அவர் ஒருவர்தான். இந்த இளைஞன் ஹெர்மேஸ். வழிப்போக்கருக்கும் வியாபாரிக்கும் துணை, தேவர்களின் தூதன். தனாக்ரா என்ற ஊரில் கொள்ளைநோய் வந்தபோது, ஓர் ஆட்டைத் தோளில் சுமந்து ஊர் மதிலைச் சுற்றி வந்து நோயை விரட்டினாராம். அதன்பிறகு அவருடைய திருவிழாவில் ஊரின் மிக அழகான பையன் ஆட்டுக்குட்டியைச் சுமந்து மதிலைச் சுற்றி வருவான்.

"சுற்றுப்பிரகாரம்," என்று நிலானி மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

வளர்பிறையில் நாலாம் நாள் அவருக்கு உரியது, அன்றைக்குத் தேன் கலந்த பால் படலையடியில் வைப்பேன் என்றார் இங்கர். நிலானிக்கு உடனே சொந்தக்காரரைச் சந்தித்தது போலாகிவிட்டது. மட்டக்களப்புக்காரியான அவளுடைய அம்மா, ஓல்போர்க்கில் இருந்துகொண்டு, அதே நாலாம் நாளில் பிள்ளையாருக்குச் சதுர்த்தி விரதம் பிடிக்கிறவர்.

கிறிஸ்துநாயகத்தின் முகம்தான் மாறியிருந்தது. அந்தப் பால் முள்ளெலிக்கு என்று நினைத்து, பாவம் வெறும் பாலா என்று, ஒரு கோடைகாலம் முழுக்கக் கடிதத்தோடு பூனைத் தீனியும் கொண்டுபோய் அதற்குள் போட்டது அவர்தான். அதைச் சொன்னபோது இங்கர் கதிரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் கோடைகாலம் முழுக்க, தேவர்கள் எனக்கு என்ன சொல்ல வருகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு துவாயைப் பிரித்தார். உள்ளே இருந்தது பிளாஸ்டரில் செய்த ஒரு மரக்குற்றி, கையளவு தடிப்பு. மகன் அதை அலுமாரியிலேயே விட்டுவிட்டானாம். மேலே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு சதுர முளை. அடியில் நாக்குப் போல ஒரு தட்டு.

நிலானி அதை வாங்கினாள். நாக்கின் நுனியை அடித்தட்டின் வெட்டுக்குள் தள்ளினாள், அடித்தட்டு பின்பக்கம் ஒரு கையளவு நீண்டது. முளையைக் கெண்டைக்காலின் துளைக்குள் செருகினாள். கையை எடுத்தாள்.

சிலை நின்றது.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கிரேக்கர் இவற்றை முதலில் வெண்கலத்தில் வார்த்தார்கள் என்று இரண்டு பேருக்கும் மாறி மாறி இரண்டு மொழியிலும் சொன்னாள். வெண்கலச் சிலைக்கு உள்ளே வெற்றிடம். பாதத்தில் ஈயத்தை ஊற்றிக் கல்லோடு இறுக்கிவிட்டால் ஒற்றைக் காலிலும் நிற்கும். அதையே பிறகு பளிங்கில் செதுக்கினவர்களுக்கு வந்தது சிக்கல். பளிங்கு முழுக்கக் கனம், கணுக்காலோ மெல்லிசு, முறிந்துவிடும். அதனால் காலோடு ஒட்டி ஒரு மரக்குற்றியைச் செதுக்கினார்கள். அருங்காட்சியகங்களில் கடவுள்மாரெல்லாம் அடிமரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பது இளைப்பாற இல்லை, முட்டுக்கொடுக்க. பால்மா ரின் செய்த வேலை.

ஆனால் நிற்கிற சிலை இப்போது இன்னொருவருடையது. அது இந்த வீட்டை விட்டுப் போனால், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கிறிஸ்துநாயகம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். இங்கர் தா என்று கேட்கவில்லை. துவாயை மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே திரும்ப மடித்துக்கொண்டு.

"பிள்ளை," என்றார் கிறிஸ்துநாயகம் தமிழில், மெல்ல. "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரிட்டைக் கேட்டனான்?"

என்ன கேட்டீர்கள் என்றாள் நிலானி. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இதை நிற்க வைத்துத் தாரும் என்றுதான் கேட்டாராம்.

இங்கர் என்ன கதை என்று பார்க்க, நிலானி மொழிபெயர்த்தாள். இங்கர் யோசித்துவிட்டு, ஹெர்மேஸ் தூதர்தானே, தனக்கு வராத வேண்டுதலைத் தானே வைத்துக்கொள்ள மாட்டார் என்றார். "பிழையான வீட்டில் போய்ச் சேர்ந்த கடிதத்தை நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"சரியான வீட்டிலை கொண்டுபோய்க் குடுப்பன்," என்றார் அவர், டேனிஷில் சொல்ல மறந்து. சொன்ன வேகத்தில் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, சிலையை இரண்டு கையாலும் தூக்கி, இங்கருக்கு முன்னால் வைத்தார். பிழையான வீட்டுக்கு வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று இம்முறை டேனிஷில் சொன்னார்.

நிலானி அந்த நேரம் சிலையின் கச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கச்சை இருந்தால் அந்தக் கோட்டில் பிரித்து இரண்டு துண்டாக வார்க்கலாம். ஒட்டுத் தெரியாது. வெண்கலக்காரரும் துண்டு துண்டாக வார்த்துத்தானே பொருத்தினார்கள்.

சில நாள் இரவல் தருவீர்களா என்று இங்கரைக் கேட்டாள். ஓர் அச்சு எடுத்துக்கொண்டு, கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுக்கிறேன். இங்கர் முதலில் தேனும் பாலும் கேட்டார். ஒரு கிண்ணத்தில் கலந்து சிலைக்கு முன்னால் வைத்தார். பிறகு, பழைய சிலைகளில் முக்கால்வாசியை நகல்களாகத்தான் நாங்களே பார்த்திருக்கிறோம், அவருக்கு இது புதிதில்லை என்றார். ரோமில் இருந்த முதல் கிறிஸ்தவர்களும் ஆயனை வரையத் தொடங்கியபோது, ஆடு சுமக்கும் இந்தப் பழைய உருவத்தைத்தானே எடுத்துக்கொண்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கடைசிச் செய்தி கிறிஸ்துநாயகத்துக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. குணசேகரத்துக்கு அன்றைக்கே ரெலிபோன் எடுத்தார்.

வேலை முடிந்த பின்னேரங்களில் நிலானி கராஜில் அச்சு செய்தாள். சிலை மேல் சிலிக்கோன் படை படையாக, அதன் மேல் பிளாஸ்டரில் ஒரு கவசம். காய்ந்து பிரித்தபோது, சிலையில் மேடாக இருந்ததெல்லாம் அச்சில் குழியாக இருந்தது. கொம்பு இருந்த குழிகளை மெழுகால் அடைத்தாள், கடா குட்டியானது. கணுக்காலில் சிறகுக் குழிகளையும் அடைத்தாள். மாமனார் பக்கத்தில் நின்று, குழியை அடைத்தால் மேடு வராது என்பதைப் போகிற வருகிறவருக்கெல்லாம் தானே கண்டுபிடித்தது போல விளக்கினார்.

ஆனால் இது தோளில் ஏறிக் குலுங்கிக்கொண்டு போகிற சுருவம். மேசையில் நிற்பது மட்டும் போதாது.

ஞாயிற்றுக்கிழமை இங்கரும் வந்து பின்வரிசையில் இருந்தார். சுருவம் மண்டபத்தைச் சுற்றி வந்து மேடையில் இறங்கியது. குணசேகரம் முதல் ஆளாகப் போய், அதன் தோளில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். அது கொஞ்சம் பின்னால் போய், திரும்ப வந்து, நேரே நின்றது. என்ன செய்தாய் பிள்ளை என்று நிலானியிடம் திரும்பிக் கேட்டார்.

செய்தது இவ்வளவுதான். கச்சைக்கு மேலே உள்ளதைக் கோதாக, மெல்லிய ஓடாக வார்த்தாள். கச்சைக்குக் கீழே உள்ளதைக் கட்டியாக வார்த்து, பாதத்திலும் அடித்தட்டிலும் துருப்பிடிக்காத உருக்கு நட்டுகளைப் பதித்தாள். சாதாரண இரும்பென்றால் துருவேறிப் பிளாஸ்டரில் கறை கசியும். மரக்குற்றியைக் கழற்றுகிற துண்டாக விடாமல், கெண்டைக்காலோடும் அடித்தட்டோடும் ஒரே வார்ப்பாக ஆக்கினாள். மேலே கனம் இல்லை, கீழே கனம், பின்னால் ஒரு முட்டு. நூல் அடித்தட்டுக்குள் விழுகிறது. அதனால் நிற்கிறது.