சிந்தசைசருக்குப் பாடி கட்டிய கதை

நாமக்கல் பக்கத்தில் ஒரு லாரி வைத்திருப்பவருக்கு ஊர் விஷயங்களில் மட்டும்தான் கருத்து இருக்கும். நாலு லாரி சேர்ந்துவிட்டால் அரசியலிலும் மருத்துவத்திலும் கருத்து வந்துவிடும். செங்கோட்டையனிடம் அதற்கு மேலேயே இருந்தன. ஆகவே சங்கீதமும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

நலிந்து கிடந்த கலைவாணி மெல்லிசைக் குழுவுக்கு ஒரு வேனும் இரண்டு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தார். பதிலுக்குத் தமக்கு ‘இசைப் புரவலர்’ என்று தாமே பட்டம் சூட்டிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரில் அவர் படம் பெரிதாக, அவர் லாரியின் படம் நடுத்தரமாக, பாடுகிறவர்களின் பெயர் கண்ணாடி போட்டால் படிக்கிற அளவில் இருந்தது.

இதையெல்லாம் செல்லமுத்து பொறுத்துக்கொண்டான். குழுவில் பாட்டின் இடையிசையை வாசிக்கிறவன் அவன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே பாடகர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் தனியாக ஒரு கருவி முன்னே வந்து பேச வேண்டும் அல்லவா, அந்த வேலை. முன்பெல்லாம் பொன்னன் என்பவன் கிளாரினெட்டில் அதைச் செய்துகொண்டிருந்தான். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் சேலத்துக் குழு ஒன்று அவனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து செல்லமுத்துவின் புல்புல்தாராவின் தலையில் பாரம் விழுந்தது. பாட்டு வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில், பொத்தானைத் தட்டி வாசிக்கிற அந்தக் கம்பி வாத்தியம் டக் டக்கென்று தத்தித் தத்திப் போகும். வாழப்பாடித் திருவிழாவில் முன்வரிசையிலிருந்து ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார், “ஏங்க, மேடையில யாரு டைப் அடிக்கறது?” கூட்டம் சிரித்தது. செல்லமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு செரிக்கவேயில்லை.

அப்போதுதான் அவன் சேலம் கடைவீதியில் ஒரு வாத்தியக் கடைக்கு நடக்க ஆரம்பித்தான். அங்கே சென்னை ஸ்டுடியோ ஒன்றிலிருந்து கைமாறி வந்த சிந்தசைசர் ஒன்று மூலையில் கிடந்தது. சின்னது, கறுப்பு, ஓரமெல்லாம் தேய்ந்தது. மேலே வரிசை வரிசையாகத் திருகுகள். இடது ஓரத்தில், பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு சின்னச் சக்கரங்கள். ஒரு சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் சுரம் படியேறாமல் வழுக்கி ஏறும். இன்னொன்றைத் தள்ளினால் குரல் நடுங்கும். திருகுகளைத் திருப்பத் திருப்பப் புல்லாங்குழல் கிளாரினெட்டாகும், கிளாரினெட் நாதஸ்வரமாகும். ஒரே பெட்டி எத்தனை வேஷம் போடுகிறது என்று செல்லமுத்து மயங்கிப் போனான். கடைக்காரர் முதல் தடவை நாற்காலி போட்டார். வாங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு நாற்காலியை எடுத்துவிட்டார். அவன் நின்றுகொண்டே வாசித்தான்.

செங்கோட்டையன் அதை வாங்கித் தரச் சம்மதித்ததற்குக் காரணம் சங்கீதம் அல்ல. ராசிபுரத்துக் குழு ஒன்றிடம் விளக்கு எரிகிற பெட்டி இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஆனால் சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்.

“மோகனூர்ல என்ற தங்கச்சி மக கல்யாண வரவேற்பு இருக்குது. அங்க வாசிச்சுக் காட்டு. எடுபட்டுதுன்னா சரி. இல்லாட்டிப் பெட்டிய மூடிட்டு நம்ம ஆபீசுக்கு வந்து லோடு எழுது, சாமி.”

லாரி ஆபீசில் நாளெல்லாம் லோடுக் கணக்கு எழுதுகிறவர்களின் முகத்தைச் செல்லமுத்து பார்த்திருக்கிறான். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் புரவலரின் கண் நேராக வேறொரு பெட்டிக்குப் போனது. நீளமானது, பளபளப்பு, பொத்தான்தோறும் விளக்கு. பத்து விரலையும் வைத்தால் பத்துச் சத்தமும் வரும். ஆனால் அந்தச் சத்தங்கள் ஆணி அடித்த மாதிரி இருந்த இடத்தில் இருக்கும், வளையாது, குழையாது. செல்லமுத்து கறுப்புப் பெட்டியைக் காட்டினான். செங்கோட்டையன் மோதிரங்கள் சகிதம் இரண்டு கையையும் அதன் மேல் வைத்து அமுக்கினார். ஒரே ஒரு சுரம் கேட்டது.

“ஏனுங்க, பத்து வெரலுக்கு ஒரு சத்தந்தானா? மிச்ச ஒம்போதும் ஸ்டிரைக்கா?”

சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார் கடைக்காரர். செல்லமுத்து மன்றாடினான்: பழுதில்லைங்கண்ணா, இதன் பிறவியே அப்படி, பாடுகிறவருக்கு ஒரு தொண்டைதானே இருக்கிறது, தனியாக முன்னே வந்து பேசுகிற இடத்துக்கு ஒரு குரல்தான் வேண்டும் என்று. பிறகு வாசித்தும் காட்டினான். குழலில் தொடங்கி நாதஸ்வரத்துக்குப் போய், இடது கட்டைவிரலால் சுரத்தை இழுத்து இழைத்துக் கொண்டுவந்து இறக்கினான். தெருவில் போன ஒரு அம்மாள் கூடையோடு நின்று கேட்டாள். புரவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்லமுத்துவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கோபத்தில் ஒரு திருகை முறுக்கிச் சக்கரத்தைப் படாரென்று தள்ளினான். பெட்டி தொப்பூர்க் கணவாயில் ஏறுகிற லாரியின் ஏர் ஹாரனைப் போல அலறியது.

செங்கோட்டையனின் முகம் மலர்ந்தது. இது நம்ம வண்டி ஹாரனல்லவா என்றார். இன்னொரு முறை என்றார். மறுபடியும் என்றார். கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்வரை கேட்டுவிட்டு, பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

ஆசைப்பட்ட பெட்டி கிடைத்துவிட்டது. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் செல்லமுத்துவுக்கு மனம் ஆறவில்லை. அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்ததற்கு மதிப்பில்லை, ஆத்திரத்தில் அடித்த ஹாரனுக்கு மதிப்பு.

ஆனால் உண்மையான அநியாயம் வழியில் டீக்கடையில்தான் ஆரம்பித்தது. புரவலர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மொட்டையா இருக்குதே. சேசிஸ்தான வாங்கியிருக்கறோம், பாடி கட்டோணுமல்ல?” என்றார்.

நாமக்கல்லில் யாரும் லாரியை முழுதாக வாங்குவதில்லை. கம்பெனியிலிருந்து எலும்புக்கூடுதான் வரும். அதைப் பட்டறைக்கு ஓட்டிப் போய்த் தேக்கும் தகரமும் வைத்துப் பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, நெற்றியில் முதலாளியின் பெயரை எழுதிய பிறகுதான் அது வண்டி. அதற்கு முன்னால் அதை வண்டி என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த வழக்கம் சிந்தசைசருக்கு மட்டும் ஏன் பொருந்தக் கூடாது என்பது செங்கோட்டையனின் வாதம். பெட்டி அன்றைக்கே ராசு மேஸ்திரியின் பட்டறைக்குப் போனது.

செல்லமுத்து பின்னாலேயே ஓடினான். திருகுகள் மேல் எதுவும் வைக்காதீர்கள், சக்கரங்களைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினான். டிரைவர்கள் சொல்வதைக் கேட்கிற அதே முகத்தோடு ராசு மேஸ்திரி கேட்டுக்கொண்டார். டிரைவருக்கு ஜன்னல் அகலமாக வேண்டும், சீட்டு மெத்தென்று வேண்டும். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கட்டுவது முதலாளி சொன்னபடி. அடுத்து வந்தபோது, பூஜை போடும்வரை புது வண்டியை யாருக்கும் காட்டுவதில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வாசிக்க வேண்டியவன் தன் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் விரலை ஓட்டிப் பழகினான்.

வரவேற்பன்று மோகனூர்க் கல்யாண மண்டபத்தில், மாலை வெயில் இறங்கும் நேரத்தில், மேடையில் துணி விலகியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, கற்பூரம் எரிந்தது. தேக்குப் பலகையில் பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட். இரண்டு பக்கமும் மயில். மூலைக்கு மூலை பித்தளைப் பூண். முன்னால் சீரியல் பல்பு. செல்லமுத்துவின் கண் இடது ஓரத்துக்குப் போனது. சக்கரங்களைக் காணோம். அந்த இடத்தில் கனமான பலகை ஒன்றை ஆணி வைத்து இறக்கி, அதில் ‘உபயம்: இசைப் புரவலர் செங்கோட்டையன்’ என்று செதுக்கியிருந்தார்கள்.

மேஸ்திரி பெருமையோடு விளக்கினார். நெற்றியில் சீரியல் பல்பு வந்துவிட்டதால் பெயருக்கு இடமில்லை. சும்மா கிடந்தது இந்த ஓரம்தான். தவிரவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தை மூடாமல் விட்டால் பட்டறைக்குக் கெட்ட பெயர்.

செல்லமுத்து புரவலரிடம் போய், சக்கரம் இல்லாவிட்டால் இந்தப் பெட்டிக்கும் பழைய புல்புல்தாராவுக்கும் வித்தியாசமில்லை என்று சொன்னான். புரவலர் மாப்பிள்ளை வீட்டாருக்கு வணக்கம் வைத்தபடியே பதில் சொன்னார்.

“வாசிக்கறது ஒரு கைதானப்பா. இன்னொரு கைய மடியில வெச்சுக்க. பலகை மேல வெச்சுப் பேரை மறைச்சுப் போடாதே.”

முதல் பாட்டு தொடங்கியது. இடையிசை வந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்து உருண்டது. முன்வரிசையில் இலையில் வைத்த ஜாங்கிரி பற்றிப் பேச்சு கிளம்பியது. பாடகி சௌந்திரம் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி மெல்லச் சொன்னாள், “ஏனுங்ணா, நான் வழுக்கிட்டுப் போறேன், நீங்க படிக்கட்டுல எறங்கி வாரீங்க.”

அடுத்த பாட்டுக்குத் தபலாக்காரர் தட்டத் தொடங்கினார். செல்லமுத்து கையைத் தூக்கி நிறுத்தினான். மேடையோரம் நின்ற வேன் டிரைவரிடம் டயர் கழற்றுகிற லீவரைக் கேட்டான். டிரைவர், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டார். லீவர் கேட்பவனிடம் காரணம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

லீவர் பலகைக்கு அடியில் நுழைந்தது. பக்கத்திலேயே மைக் இருந்ததால் தேக்கு பிளந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜாங்கிரிப் பேச்சு நின்றது. பலகை பாதியாக வந்தது. ‘உபயம்: இசைப் புர’ என்பது கையில், ‘வலர்’ தொடங்கி மீதிப் பெயர் பெட்டியில். ராசு மேஸ்திரி தம் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டார். செல்லமுத்து மீதியையும் நெம்பினான்.

செங்கோட்டையன் மேடை ஏறினார். வேட்டி மடிப்பு கலையாமல், நிதானமாக. செல்லமுத்து பலகைத் துண்டுகளை அவர் கையில் வைத்தான்.

“இந்தாங்க உங்க பேரு. எனக்கு வேண்டியது அதுக்கு அடியில கெடக்குதுங்க.”

கீழே புரவலருடைய தங்கையின் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டுகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்து, புதிய வாத்தியத்தின் திறப்பு விழா இப்போது தமது முன்னிலையில் இனிதே நடந்தேறியது என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் அவருக்குத் தெம்பு கொடுத்துவிட்டது. கலைக்காகத் தாம் செய்த தியாகங்களை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

செல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கியவன் அவன், திறந்து வைத்தவர் இவர். நாளைக் காலையில் லோடு எழுத வரச் சொல்லி ஆள் வந்தாலும் வரும். வரட்டும். இடது கட்டைவிரலைச் சக்கரத்தில் பதித்தான். வலது கையால் ஒரு திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, அடிச் சுரம் ஒன்றைத் தொட்டான். அது கிளம்பி, எங்கும் கால் ஊன்றாமல் வழுக்கி ஏறி, உச்சியில் நின்று நடுங்கியது. சௌந்திரம் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். ஜாங்கிரியை மறந்து பந்தியிலிருந்து சிலர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள்.

செங்கோட்டையனின் வாய் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.