இடைவேளைக்கு அப்புறம்

“வெட்டிட்டாங்க. அந்த இடத்தையே வெட்டித் தூக்கிட்டாங்க—”

“யாரும் வெட்டலடி. படமே அவ்வளவுதான்—”

“எப்படி அவ்வளவுதான்? ஜெயிலர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கேப்பானே, அக்கா—”

“முதல்ல சத்தத்தைக் குறை. காது போகுது.”

சின்னவள் குறைக்கவில்லை. மருமகன் எங்கெங்கோ தேடிப் பிடித்து டி.வி.யில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன சிறைப் படம் அது. முப்பது வருஷமாக அதன் புகழ் பாடி வந்தவள் அவள். தன் தையல் கடைக்கு எந்தப் பெண் வேலைக்கு வந்தாலும், ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவாள். ‘வெளியே போனா உன்னை யாருடா சேத்துக்குவான்?’ என்று ஜெயிலர் கேட்பான். ‘எங்க போனாலும் என் கை என்கூடத்தானே வருது, ஐயா’ என்பான் கைதி. அதைக் கேட்ட மறுநாள்தான், தலை நிமிர விடாமல் தைக்க வைத்த கம்பெனிக்கு அவள் முழுக்குப் போட்டாள். நாளைக்குக் கடைப் பெண்கள் எல்லோருக்கும் படத்தைப் போட்டுக் காட்டுவதாக வாக்கும் கொடுத்திருந்தாள்.

இப்போது பார்த்தால் வசனத்தைக் காணோம். வசனம் போகட்டும், படமே கண்றாவியாக இருந்தது. கைதி சாய்ந்தால் சிறைச் சுவர் ஆடியது. கதாநாயகனின் தாடி ஒரு பக்கம் பிரிந்து காற்று வாங்கியது. தப்பியவனைத் துரத்தி வந்த போலீஸ் நாய், அவனைப் பிடித்ததும் வாலை ஆட்டியது.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியவள், படப்பிடிப்பில் பிஸ்கட் போட்டவனை அது எப்படிக் கடிக்கும் என்று நாய்க்குப் பரிந்து பேசினாள். சின்னவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் சண்டையில் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

வெட்டிய இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று படத்தைத் திரும்ப ஓட்டினாள். முதல் பாதியில் எந்தக் கைதி எப்போது இருமுவான் என்பது வரை அத்துப்படி. வசனத்துக்காகவே காத்திருந்ததில் முதல் தடவை உறைக்கவில்லை; இப்போது இடைவேளை தாண்டியதும் எல்லாம் புதுசாக இருந்தது.

“இந்த மீசைக்காரன் யாரு?”

“வில்லன்.”

“இவன் எப்போ வந்தான்?”

“அன்னிக்கும் வந்தான். நீதான் பாக்கல.”

பெரியவள் பூண்டுத் தோலை ஊதிவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கொட்டகைக்குப் படம் பார்க்கப் போன அன்றைக்கு இரண்டு ஷிப்ட் சேர்த்துத் தைத்துவிட்டு வந்தவள் சின்னவள். இடைவேளையில் வாங்கிய வேர்க்கடலையைப் பிரிக்காமலே அக்கா தோளில் சாய்ந்தவள், கொட்டகையில் விளக்குப் போட்ட பிறகுதான் கண் திறந்தாள். மிச்சக் கதையை, வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் பெரியவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சின்னவள் டி.வி.யை நிறுத்தினாள்.

“அப்போ அந்த வசனம்?”

“நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்க? வேலையை விடுடின்னு நேரா சொல்லியிருந்தா, வீம்புக்கே இன்னும் அங்க உக்காந்து தைச்சிக்கிட்டிருப்ப. கைதி சொன்னான்னதும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்ட.”

கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் முப்பது வருஷமாக அவள் கொண்டாடிய கைதி, மூக்குக்கண்ணாடியும் பூண்டு வாசனையுமாக எதிரே உட்கார்ந்திருந்தால் எப்படிக் கோபப்படுவது? அடக்கி வைத்திருந்த சிரிப்பு இந்தத் தடவை நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் தலையைத் தூக்காமல் அடுத்த பூண்டை எடுத்தாள்.

“நாளைக்கு இடைவேளை வரைக்கும் போட்டு நிறுத்திடறேன். மிச்சத்தை நீ கடைக்கு வந்து சொல்லுக்கா.”