இருப்பு: இரண்டு கிலோ

பூம்பாறை குழந்தை வேலப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அவர் பெயரைத்தான் எனக்கும் வைத்திருக்கிறார்கள். நான் புளுகினால் கெட்ட பெயர் இரண்டு பேருக்கும் என்பதால், வேலப்பனாகிய நான் இந்த எழுபது வயதுவரை மிகவும் கவனமாகவே இருந்து வருகிறேன்.

எங்கள் மகள் சுகன்யா சென்னையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கொடைக்கானல் மலைமேல் கூக்காலில் இருக்கும் எங்களுக்கு ஏதாவது அனுப்புவாள். அனுப்பியது எதுவும் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. போன பொங்கலுக்கு வந்த ஸ்வெட்டருக்குள் நானும் எங்கள் கன்றுக்குட்டியும் சேர்ந்து பனி முடியும்வரை படுத்திருந்தோம். அது இப்போதும் என்னைக் கண்டால் பங்காளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறது.

என் மனைவி சின்னத்தாயி போனில் சும்மா விடவில்லை. "ஏண்டி, ஒங்கப்பாவுக்கு எடுத்தியா, பூண்டு மூட்டைக்கு எடுத்தியா?" என்றாள். ஆனால் அந்த ஸ்வெட்டரை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். கடையில் நின்று மகள் இரண்டு கையையும் விரித்து, எங்கப்பா இவ்வளவு இருப்பார் என்று அளவு காட்டியிருப்பாளாம்.

"அவ நெனப்புல நீங்க இன்னும் அம்புட்டுப் பெரிய ஆளாத்தான் இருக்கீங்க" என்றாள் என்னிடம். நான் வற்றிப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

இந்தப் பொங்கலுக்கு வந்தது ஒரு கிஃப்ட் கார்டு. உள்ளங்கை அளவு அட்டை, பளபளவென்று இருந்தது. கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு பெரிய கடையில் அதைக் கொடுத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமாம்.

"அம்மா, நான் எது வாங்குனாலும் நொட்டை சொல்ற. இப்ப ஒனக்குப் புடிச்சத நீயே எடுத்துக்க" என்றாள் சுகன்யா.

சின்னத்தாயி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் மகள் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குத் தோட்டத்தில் சோலி வந்துவிடும்.

"புள்ள நல்லதத்தான செஞ்சிருக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு என்ன வேணும்னு யோசிக்கிற சோலியையும் எந்தலையிலயே கட்டிட்டா. அதுக்குப் பேரு பரிசாங்க?"

அந்த அட்டையை எங்கள் ஊரில் யாருக்குக் கொடுத்தாலும் அளவு சரியாக இருக்கும். சின்னத்தாயிக்கு வலித்தது அதுதான். குறை கேட்டுக் கேட்டு, இனி தன் பக்கம் தப்பே வரக்கூடாது என்று மகள் பயந்துபோய் வாங்கியது அது என்பதும் எனக்குப் புரிந்தது. இப்படியே விட்டால் இரண்டு பேரும் பேச்சை மறந்துவிடுவார்களோ என்று ஒருநாள் வெள்ளனே சின்னத்தாயியைக் கிளப்பி பஸ்ஸில் ஏற்றினேன்.

வழியில் ஒரு காட்டுமாடு பஸ்ஸை மறித்தது. ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினேன். முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு, அடுத்து வந்த வேனைச் சோதிக்கப் போய்விட்டது.

கடையில் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். சின்னத்தாயிக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"சுகன்யா இம்புட்டு இருப்பாளா?"

"மெட்ராசுல எதுக்கு புள்ள கம்பளி?"

"ஆபீசுல ஏசி போட்டு வெறைக்குதுன்னு சொன்னாள்ல. நீங்க காதுல வாங்குனாத்தான?"

கல்லாவில் சுபஸ்ரீ என்று ஒரு பெண் இருந்தாள். அட்டையின் பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால்தான் நம்பர் தெரியும், நம்பர் இல்லாமல் கார்டு செல்லாது என்றாள். சின்னத்தாயி நகத்தால் சுரண்டிக் கொடுத்தாள்.

"ஸ்வெட்டருக்கே சரியாப் போச்சு, கார்டு காலி பாட்டிம்மா. டஸ்ட்பின்ல போட்டுரட்டுமா?"

"மக குடுத்துவிட்ட பாத்திரத்தக் குப்பையில போடுவாங்களா? காலியாவும் திருப்பி அனுப்ப முடியாது. ரெண்டு கிலோ மலைப்பூண்டு கொண்டாந்திருக்கேன். இதுல ஏத்திக் குடு."

"ஐயோ பாட்டிம்மா, இதுல பணந்தான் ஏறும். பூண்டு ஏறாது."

"ஒங்க மெசினுக்குப் பழக்கமில்ல, அம்புட்டுத்தான்."

பலகாரம் வந்த தூக்குச்சட்டியை எங்கள் பக்கம் யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி அவரைக்காயாவது போட்டுத்தான் தருவோம். ஆகையால் சின்னத்தாயி அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும் பூண்டுக் கொத்துகளோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாள். பூண்டு நன்றாக ஏறியதும் மஞ்சள் ஸ்வெட்டருக்குள் சுருட்டி மகளுக்கு அனுப்பினோம்.

சுகன்யா அதைச் சென்னையில் அதே கடையின் கிளையில் நீட்டியிருக்கிறாள். மெஷின் முதலில் தும்மியது. பிறகு மூன்று மாடிக்கும் பூண்டு ரசத்தின் வாசம் பரவி, துணி எடுக்க வந்தவர்கள் எடுத்ததை அங்கங்கே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். திரையில் 'இருப்பு: இரண்டு கிலோ' என்று வந்தது. மானேஜர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்துப் பார்த்தார். மெஷின் சொன்னால் சொன்னதுதான் என்று இரண்டு கிலோ பூண்டை நிறுத்துக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துப் பூண்டேதான், புகை வாசம்கூட மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது சின்னத்தாயி தோட்டத்துக்குப் போகவில்லை.

"அம்மா, ஸ்வெட்டர் கை முட்டியத் தாண்ட மாட்டேங்குது. பள்ளிக்கொடத்துப் பிள்ளைக்கா எடுத்த?"

"நீ அம்புட்டுத்தானடி இருந்த?"



"சரி, ஆபீசுல தோள்ல போட்டுக்கிறேன்."

"கெடக்கட்டும். சாப்புட்டியா?"

அடுப்பில் சோறு தீயும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், என் பெரிய ஸ்வெட்டரின் மடிப்புக்குள், பின்பக்கத்து வெள்ளிப் பூச்சை இன்றுவரை யாரும் சுரண்டாமல், பொங்கலுக்கு வந்தபடியே இருக்கிறது.