அணையாத வண்டி

லோர்னா ஹௌகனின் வண்டி மூன்று லட்சம் மைலைத் தாண்டியபோது, அவள் கணவன் வெர்லின் ஒரு கேக் துண்டை அதன் கூரைமேல் வைத்துப் படம் எடுத்தான். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் பழைய ஹைப்ரிட். இரண்டு பேர் ஓட்டிக் கழித்ததை அவள் வாங்கியிருந்தாள். அமெரிக்காவின் வடக்கே, பெமிட்ஜி ஊரைச் சுற்றியுள்ள ஏரிக்கரை வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். எந்தக் குளிரிலும் அது அவளை நடுவழியில் விட்டதில்லை.

ஒரே தொல்லை, வேகம் காட்டும் திரை. கடுங்குளிரில் அது இருண்டுபோகும், ஆனாலும் வண்டி ஓடும். குத்துமதிப்பாக ஓட்டிப் பழகிவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். வெளியே மைனஸ் முப்பது. வண்டியைக் கராஜுக்குள் விட்டு, அதை அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். திரை ஏற்கெனவே இருட்டு. சத்தம் ஏதும் இல்லை. கராஜ் கதவு இறங்கி மூடிக்கொண்டது. மரத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த வெர்லின், கராஜுக்கு மேலே இருந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பாமல் சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள்.

வாசலில் ட்ரூடியின் பெரிய டிரக் ஹாரன் அடித்தது. கூட வேலை செய்பவள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோக வேண்டும். அந்தப் பாதையில் பனி இன்னும் வழிக்கப்படவில்லை. அதனால் லோர்னா அவளோடு ஏறிக்கொண்டாள்.

"உன் வண்டி எங்க, தூங்குதா?" என்றாள் ட்ரூடி.

"கிண்டல் பண்ணாத. உன் டிரக் மாதிரி ஊரக் கூட்டாது அது."

"அதான் பயமா இருக்கு. போன வாரம் கடை வாசல்ல நீ பாட்டுக்கு இறங்கிப் போயிட்ட. ஆள் இல்லாத வண்டி திடீர்னு உறுமுது! நான் காபிய மேல கொட்டிக்கிட்டேன்."

லோர்னா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அன்று கடை வாசலிலும் பொத்தானை அழுத்தியிருந்தாள். அன்றும் திரை இருட்டாகத்தான் இருந்தது.

"அது அணையவே இல்லையா ட்ரூடி?"

"எனக்கென்ன தெரியும்? நீ திரும்பி வந்து ஓட்டிட்டுப் போயிட்ட. ஏன்டி?"

லோர்னா வெர்லினை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள்.

"திருப்பு," என்றாள். "வண்டிய திருப்புடி!"

கராஜுக்குள் எஞ்சின் ஓடும் சத்தம் வாசலிலேயே கேட்டது. பேட்டரி இறங்க இறங்கத் தானே கிளம்பி, மூடிய அறைக்குள் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. ட்ரூடி ஓடிப்போய்க் கராஜ் கதவைத் திறந்துவிட்டாள். லோர்னா மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள்.

வெர்லின் மாடிப்படியின் நடுவில் தலைகீழாகக் கிடந்தான். எழுந்து வரப் பார்த்திருக்கிறான். அவன் முகம் ரோஜா நிறத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல இருந்தது. கார்பன் மோனாக்சைடு ஏறிய உடம்பு சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்குள்ல கை குடுத்துத் தூக்கு!" ட்ரூடி கத்திய பிறகுதான் லோர்னா குனிந்து அவனைப் பிடித்தாள்.

இருவருமாக இழுத்து வந்து பனியில் கிடத்தினார்கள். ட்ரூடி தன் கோட்டை அவன்மேல் போட்டாள். முதியவருக்கான சிலிண்டரின் குழாய் வெர்லின் மூக்கில் ஏறியது. ஆம்புலன்ஸ் வரும்வரை லோர்னா அவன் கழுத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை. நாடி இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விட்டபோது வெர்லின் விழித்திருந்தான்; தீயணைப்புக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"யாரு என்னை ஜட்டியோட பனியில போட்டது?"

அவளால் சிரிக்க முடியவில்லை. "நான் அழுத்தினேன் வெர்லின். சத்தியமா அழுத்தினேன்."

"தெரியும்டி. தீயணைப்புக்காரங்க சொன்னாங்க. அவங்க அழுத்தியும் அணையலையாம். பேட்டரி வயரக் கழட்டித்தான் நிறுத்தியிருக்காங்க." பார்வையைக் கூரைக்குத் திருப்பினான். "மேல ஒரு அலாரம் இருந்துச்சே... விஷவாயுவுக்கு. விட்டுவிட்டுக் கத்துதுன்னு நான்தான் கழட்டி வச்சேன். தூக்கம் கெட்டுச்சு."

லோர்னா அவனை உற்றுப் பார்த்தாள். அவன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ட்ரூடியோடு போய்வந்தாள். வெர்லின் கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றினான். மதியம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் லோர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பாள்.

"உயிரோடதான் இருக்கேன்," என்பான் கண்ணைத் திறக்காமல். "கை ஐஸ் மாதிரி இருக்கு. எடு."

அவள் எடுக்கமாட்டாள்.