பின் சீட்டைத் தூக்காதே

காயாரோகணத்துக்கு அன்று விடிந்ததிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. பின்னே என்ன? எட்டு வருஷமாக ஒரு வண்டியை ஓட்டி, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவனைப் பார்த்து, "கதவுக் கண்ணாடிய ஏத்தாம தூங்கிட்டியாடா?" என்று கேட்டால் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது?

கேட்டவர் அவனுடைய முதலாளி, மிராசுதார் இராஜாங்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பத்து நாளாகிவிட்டது. அந்தப் பத்து நாளும் அவருடைய கறுப்பு அம்பாஸடரின் பின்பக்கத் தரையில் காலையில் பார்த்தால் தண்ணீர் நின்றது. காயாரோகணம் துணியால் ஒற்றி எடுப்பான்; மறுநாள் மறுபடி நிற்கும். எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. அன்று முதலாளி ஏறிக் காலை வைத்ததும் சளக்கென்று செருப்பு நனைந்தது. அதற்கு அந்த மனுஷன் குதித்த குதி இருக்கிறதே! போன வருஷம் சம்பாப் பயிரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதுகூட அப்படிக் குதிக்கவில்லை.

"நாளைக்குத் தஞ்சாவூர்ல ஆபீசரப் பாக்கப் போகணும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஓட்டைய அடைச்சுக் கொண்டாந்து நிறுத்து" என்றார். உடனே விரலை நீட்டி, "பின் சீட்ட மட்டும் தூக்கப்படாது. புது ரெக்சின். கிழிஞ்சுதுன்னா தோல உரிச்சுடுவேன்" என்றார்.

"தண்ணி அங்கதானே ஐயா நிக்குது? சீட்டத் தூக்காம எப்படிப் பாக்கறது?"

"சொன்னதச் செய்யி. எதுத்துப் பேசாத."

வாய்வரை வந்ததைக் காயாரோகணம் விழுங்கினான். அவருடைய வாயிலிருந்து ஒரு வார்த்தை அவனுக்கு வேண்டியிருந்தது. அவனும் அவன் மனைவி ஜெயாவும் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தார்கள். கரையை வெட்டி அகலப்படுத்தப் போகிறோம், தை பிறப்பதற்குள் காலி செய் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் இலவச மனை கொடுக்கிறது. ஜெயா மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்று தடவையும் பட்டியலில் பெயர் இல்லை. கடைசித் தடவை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்து, "வசதியான வீட்டுப் பொம்பளைக்கெல்லாம் மனை கெடையாதும்மா" என்று சொல்லிச் சிரித்தாராம். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்களாம். தோளில் கிழிசலைத் தைத்த சேலையோடு நின்றவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தையா அது? அன்று வந்து படுத்தவள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. நாளைக்குச் சாயங்காலத்தோடு பட்டியலை மூடுகிறார்கள்.

"ஐயா, அந்த மனை விஷயம்... நாளைக்குக் கடைசி" என்றான்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார் இராஜாங்கம். மூன்று வருஷமாக இதே பாக்கலாம்தான்.

பாபநாசம் மெயின் ரோட்டில் லியாகத் அலியின் தகரக் கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். லியாகத் அலி அதிகம் பேசாத மெக்கானிக். கதவைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தார்.

"ஊற வச்ச சாக்கு நாத்தம் அடிக்குதேப்பா. தண்ணி எங்க நிக்குது?"

"பின்னால. அதுக்காக ஓட்டையும் பின்னாலதான் இருக்கும்னு நெனைக்காதீங்க பாய். எங்கப்பா நாகப்பட்டினத்துல படகு வச்சிருந்தவரு. தண்ணி வர்ற எடம் ஒண்ணு, நிக்கற எடம் ஒண்ணுன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா சரி. உள்ள ஏறு."

முதலில் தரைவிரிப்பை உருவி எறிந்து தரையைக் காயத் துடைத்தார்கள். தகரமும் தகரமும் சேரும் இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் லியாகத் அலி சாக்பீஸால் கோடு இழுத்தார். தண்ணீர் பட்ட இடத்தில் கோடு கறுக்கும். பிறகு ஏமாற்ற முடியாது. காயாரோகணம் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார்ந்துகொண்டான். கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் லியாகத் அலி வெளியிலிருந்து பூவாளியால் ஊற்ற ஆரம்பித்தார். கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடமாக. மேலே முதலில் ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து குழப்பிவிடும்.

கதவுக்கு அடியில் ஊற்றினார். கோடு வெள்ளையாகவே இருந்தது. கதவு ரப்பரில் ஊற்றினார். அதுவும் இல்லை. பின் கண்ணாடி ரப்பரில்தான் கோளாறு என்று காயாரோகணம் சத்தியமே செய்திருப்பான். கால் மணி நேரம் ஊற்றியும் ஒரு பொட்டு வரவில்லை. உள்ளே வெந்துகொண்டிருந்தான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள், நான் தூங்கவில்லை என்று அந்த மனுஷனை இழுத்து வந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் லியாகத் அலி ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் ஊற்றினார். அரை வாளிகூட ஆகவில்லை. பின் தூணில் இழுத்திருந்த கோடு மேலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் நூலாக இறங்கிப் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"பாய்! வந்துடுச்சு!" என்று கத்தினான்.

கூரைத்துணியின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். தகரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை மூடப் பூசிய மக்கு வெடித்துப்போயிருந்தது. பார்த்ததும் காயாரோகணத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. போன தேர்தலுக்கு இந்த வண்டியை இராஜாங்கமே வலியக் கொண்டுபோய் ஆளுங்கட்சிக்குக் கொடுத்தார். மைக்செட்காரன் குழாய் ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டி, வயரை உள்ளே இறக்கத் துளை போட்டான். "வேணாம் ஐயா, கூரையில ஓட்டை போட்டா வண்டி கெட்டுரும்" என்று இவன் கெஞ்சினான். "வண்டி கெடந்துட்டுப் போவுது, நெலம் நிக்கணும்டா மொதல்ல" என்றார் அவர். குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரே பயம்தான்.

"அவரே போட்ட ஓட்டை. திட்டு மட்டும் எனக்கு!" என்று டாஷ்போர்டில் ஓங்கி அறைந்தான்.

"அப்பறம் அறையலாம். சீட்டத் தூக்கு."

"தூக்கப்படாதுன்னாரு."

"தூக்கலேன்னா அடியில நிக்கற தண்ணி தரையத் தின்னுரும். ஆறு மாசத்துல ஒன் மொதலாளி காலு ரோட்டுல இழுபடும். அதுக்கும் ஒன்னத்தான் திட்டுவாரு."

அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துச் சீட்டை நெம்பித் தூக்கினார்கள். அடியில் குளம்போல் தண்ணீர். நடுவில் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு யூரியாப் பை. பைக்குள்ளும் தண்ணீர் குலுங்கியது.

முதலாளியின் பத்திரங்கள் என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. இதற்கும் பழி தன் தலையில்தான் விழும். எப்படியாவது காயவைத்துவிடலாம் என்று காயாரோகணம் அவசர அவசரமாகக் கயிற்றை அறுத்தான். போன வாரம் நிலக் கணக்குப் பார்க்க அதிகாரிகள் வீட்டுக்கு வந்தபோது, "நீ வண்டிய எடுத்துட்டுத் திருவிடைமருதூர் போய் எம் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு, பொழுது சாஞ்சப்பறம் வா" என்று முதலாளி ஏன் விரட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேலாக இருந்த, அதிகம் ஊறாத பத்திரத்தை விரித்துப் பெஞ்சில் பரப்பினான். எட்டாவது வரை படித்தவன்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையில்லை. இராஜாங்கம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். நன்செய் மூன்று ஏக்கர் நாற்பது சென்ட். வாங்கியவர், நாகப்பட்டினம் உலகநாதன் குமாரர் காயாரோகணம்.

இரண்டாம் தடவையும் படித்தான். அப்பா பெயர் சரியாக இருந்தது. தன் பெயரும் சரியாக இருந்தது. தேதி மூன்று வருஷத்துக்கு முந்தைய தை மாதம். அதன் கீழே அவன் பெயரில் நிலவரி கட்டிய கிஸ்து ரசீதுகள்.

"பாய், இது என்ன பாய்?"

லியாகத் அலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "மாட்டுக்காரன் பேருக்கு, சமையக்காரன் பேருக்குன்னு எழுதி வைக்கறாங்கன்னு ஊரே பேசுதே, அதுதான். ஓம் பேருக்கு எழுதியிருக்காரு. சர்க்கார் கணக்குல நீ மூணு ஏக்கர் மிராசுப்பா."

வசதியான வீட்டுப் பொம்பளை!

குமாஸ்தா கேலி செய்யவில்லை. ரிஜிஸ்தரில் இருந்ததைத்தான் சொன்னார். பொய் சொல்லி இனாம் மனை வாங்க வந்தவள் என்று நினைத்து ஜெயாவைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டு கிடந்த அந்த இரண்டு நாளும் இவன் இராஜாங்கத்துக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். அங்கே கிடந்த ஸ்பானரை எடுத்து விட்டெறிந்தான். தகரச் சுவரில் பட்டு அது ஊரைக் கூட்டியது.

பையின் அடியில் மூன்று வெற்று முத்திரைத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்தன. லைசென்ஸ் காரியம் என்று சொல்லி முதலாளி அவனிடம் கையெழுத்து வாங்கிய தாள்கள். வேண்டும்போது நிலத்தைத் திருப்பி எழுதிக்கொள்ள வைத்திருந்த கடிவாளம் அதுதான். கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது நீலக் கறைதான் இருந்தது.

"மை கரைஞ்சுபோச்சு" என்றார் லியாகத் அலி மெதுவாக. "ஆனா பதிவான பத்திரம் ஆபீசு புஸ்தகத்துல இருக்கும், அது கரையாது. நீ பேசாம இருந்தியானா அந்த மூணு ஏக்கரும் ஒனக்குத்தான் ரோகணம்."

"ஓட்டைய அடைங்க பாய்" என்றான். "வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

லியாகத் அலி ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் காய்ச்சி அடைத்து முடித்தபோது இராஜாங்கம் வந்து சேர்ந்தார். எப்படி வந்தார் தெரியுமா? கணக்குப்பிள்ளை மிதிக்க, சைக்கிள் கேரியரில், குடை பிடித்துக்கொண்டு. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"சீட்டத் தூக்குனியா?"

"தூக்குனேன்." அந்த எட்டு வருஷத்தில் 'ஐயா' இல்லாமல் அவன் சொன்ன முதல் பதில் அது.

பெஞ்சில் காய்ந்துகொண்டிருந்ததை இராஜாங்கம் பார்த்துவிட்டார். "அது ஒனக்கு எதுக்குடா? எடுத்து வைய்யி."

"எம் பேருல்ல போட்டிருக்கு? எனக்கில்லாம வேற யாருக்கு?"

இராஜாங்கத்தின் குரல் சட்டென்று இறங்கியது. "கூடப் பொறந்தவனக்கூட நம்பாம ஒன்ன நம்பி எழுதுனேன்டா. அதப் புரிஞ்சுக்க."

"நம்புனீங்களா? நம்புனவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணுமா இல்லியா? எம் பொண்டாட்டி மூணு வருஷமா அந்த ஆபீசு வாசல்ல போய் ஊரு சிரிக்க நிக்கறா. பாக்கலாம் பாக்கலாம்னீங்களே, என்னத்தப் பாத்தீங்க? அவ அழுததயா?"

"கத்தாதடா. புதுத் தாளு கொண்டாந்திருக்கேன், ஒரு கையெழுத்துப் போடு. நாலு சென்ட்டு மனை நானே தர்றேன்."

"போட மாட்டேன்."

"அப்ப என் நெலத்த அமுக்கப் பாக்கற. திருட்டுப்பயலே!"

காயாரோகணம் ஓரடி முன்னால் வந்தான். அடித்துவிடுவானோ என்று லியாகத் அலி நடுவில் வந்து நின்றார். அவன் அடிக்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சாவியைப் பானட் மேல் வைத்தான்.

"கூரையில இருந்த ஓட்டை நீங்க போடச் சொன்னது. பாய் அடைச்சுட்டாரு, இனிமே ஒழுகாது. வேற டிரைவரப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தான்.

குடிசையில் ஜெயா முழுசையும் கேட்டாள். முதலில் அவன்மேல்தான் பாய்ந்தாள். "எதுக்குன்னு கேக்காம வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா? உங்களுக்கு மூளை இருக்கா?" திட்டி ஓய்ந்ததும் பத்திரத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"பேசாம இருந்தா நமக்குத்தான்கறாரு பாய். வச்சுக்கலாமா?" என்றான் அவன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"வச்சுக்கிட்டு? அந்தாளு திருட்டுப்பயன்னு சொன்னத மெய்யாக்கவா? எனக்கு ஒரு குழி நெலங்கூட வேணாம். அத்தன பேரு முன்னாடி அந்தக் குமாஸ்தா என்னப் பாத்துச் சிரிச்சான், அதுக்கு வழி பண்ணுங்க."

மறுநாள் தாலுகா ஆபீசில் கூட்டம் அலைமோதியது. அதே மேஜை, அதே குமாஸ்தா. ஜெயாவைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "என்னம்மா, மறுபடியுமா?"

காயாரோகணம் வாயைத் திறந்தான். ஜெயா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனாள். பத்திரத்தைப் பிரித்து அவருடைய மேஜைமேல் அறைந்தாற்போல் வைத்தாள்.

"வசதியான வீட்டுப் பொம்பள வந்திருக்கேன் சார். மூணு ஏக்கர் நாப்பது சென்ட்டு. எங்களுது இல்ல. யாருது, யாரு உழுவுறாங்க, யாரு வீட்டுக்கு நெல்லு போவுதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, நல்லா எழுதிக்குங்க. எழுதி முடிச்சுட்டு எம் பேர அந்தப் பட்டியல்ல போடுங்க. போடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

குமாஸ்தா பத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார். அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற கூட்டத்திலும் யாரும் சிரிக்கவில்லை.