ஒரு கோடு கூட்டணும்

அன்றைக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள் மூவர்தாம். நிலையத்தை நடத்தும் பெரியவர், பட்டறையில் அளவுப் பாடம் எடுக்கும் அவருடைய தம்பி, தொழிற்சாலை போட இடம் தேடி வந்திருந்த பொறியாளர் அம்மாள். வெளியே வராந்தா பெஞ்சில் சோதனை முடித்த பிள்ளைகள் ஆறு பேர். அவர்களில் ஒருத்தி தம்பியின் மகள். ஊரே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

பொறியாளர் அம்மாள் ஒரு சிறிய எஃகுத் துண்டை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, ஆறு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வெச்சேன். ஆளுக்கொரு புது வெர்னியர் அளவி கொடுத்தேன். இந்த ராடோட விட்டத்தை அளந்து சீட்டுல எழுதச் சொன்னேன். ஆறு பேரும் ஒரே தப்பான அளவை எழுதியிருக்காங்க. சரியான விடை ஒரே மாதிரி வந்தா சந்தோஷப்படலாம். தப்பு எப்படிங்க ஒரே மாதிரி வரும்?"

பெரியவரின் காது மடல் சூடேறியது. அவருடைய அப்பா தொடங்கிய நிலையம் அது. அந்த ஊரில் லேத்தில் இரும்பு கடைகிறவர்களில் அந்த வாசற்படியை மிதிக்காதவன் எவனும் இல்லை.

"எங்க பிள்ளைங்க காப்பியடிக்க மாட்டாங்க."

"காப்பின்னா எனக்குக் கவலையே இல்லீங்க. இந்த ஆறு பேரை மட்டும் எங்க கம்பெனி வாசல்ல சேர்க்க மாட்டோம். மத்தவங்களை வெச்சுத் தொழிற்சாலையை ஆரம்பிச்சிடுவோம். ஆனா சொல்லிக்கொடுத்ததே தப்புன்னா நான் இப்பவே கிளம்பணும். ஒரு ஊருக்கே முதல்லேர்ந்து பாடம் நடத்த எங்களால ஆகாது. என்ன நடந்துச்சுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

தம்பியின் முகம் வெளுத்திருந்தது. பெரியவர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். தம்பியும் பின்னாலேயே வந்தார்.

வாயாடி துள்ளி எழுந்தாள். "பெரியப்பா, நாங்க பார்த்து எழுதினோம்னு அந்தம்மா சொல்றாங்களா? இந்த நெட்டையன் கையெழுத்தை அவனாலயே படிக்க முடியாது. நான் எங்கேர்ந்து பார்த்து எழுத?"

பக்கத்தில் இருந்த நெட்டையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"எப்படி அளந்தே? அதைச் சொல்லு."

"ராடை வெர்னியர் தாடைக்கு நடுவுல பிடிச்சேன். கோடு பார்த்தேன். ஒரு கோடு கூட்டினேன்."

"எதுக்குக் கூட்டினே?"

அவள் விழித்தாள். "கூட்டணும்ல? அப்பா அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாரு."

"சுழிப்பிழைன்னா என்ன?"

குழாயைத் திறந்துவிட்டதுபோல வந்தது பதில். "தாடைகள் ஒன்றையொன்று தொடும்போது முதன்மைக்கோலின் சுழியும் வெர்னியர்கோலின் சுழியும் ஒன்றாமல் இருந்தால்..."

"போதும். அந்தப் புது வெர்னியர்ல தாடையைச் சேர்த்து வெச்சுப் பார்த்தியா?"

"எதுக்குப் பார்க்கணும்? ஒரு கோடுன்னு தெரியுமே." மற்ற ஐந்து தலைகளும் ஆமாம் என்று ஆடின.

பெரியவருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

பட்டறையில் பிள்ளைகள் கையில் புழங்கியது அப்பா வாங்கிய வெர்னியர். தாடை தேய்ந்துபோனது. மூடினால் சுழிக்கு ஒரு கோடு கீழே காட்டும். ஆகவே எதை அளந்தாலும் ஒரு கோடு கூட்ட வேண்டும். அந்தக் கருவிக்கு அது சரி. புதிதாக வாங்கியவை, வருகிறவர்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. கூட்டுகிற வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஏன் என்பது எப்போதோ கழன்று விழுந்துவிட்டது.

இந்த ஊரில் கடைந்த தண்டு பேரிங்கில் ஆடும் என்று வெளியூர் வியாபாரிகள் சரக்கைத் திருப்பி அனுப்பியதெல்லாம் அவர் நினைவுக்கு வந்தது. இரும்பு மட்டம் என்றார்கள், ஆட்கள் சோம்பேறிகள் என்றார்கள். பட்டறை பட்டறையாகப் பூட்டு விழுந்தது. பட்டறைகளில் நல்ல வெர்னியரை வைத்துக்கொண்டு ஊரே ஒரு கோடு கூட்டி, தண்டு பெரிதாக இருப்பதாக எண்ணி, ஒரு கோடு அதிகமாகச் சீவித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பி அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "அண்ணா, காப்பின்னே இருக்கட்டும். என் பொண்ணும் அதுல ஒருத்தி. வயித்தெரிச்சலோடதான் சொல்றேன். ஆறு பேர் தலைகுனிஞ்சா ஊருக்கே வேலை கிடைக்கும். நாளையிலேர்ந்து நான் திருத்திச் சொல்லிக்கொடுத்துடறேன். அப்பா பேரும் நிக்கும்."

சட்டென்று உதறிவிடக்கூடிய பேச்சு இல்லை அது. வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிற ஆண்பிள்ளைகளைப் பெரியவர் தெருவுக்குத் தெரு அறிவார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பொறியாளர் அம்மாள் கிளம்பத் தயாராகிறார்.

"அப்பா," என்றாள் வாயாடி. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஒரே சொல்லோடு அவள் நிறுத்திப் பெரியவர் பார்த்ததில்லை.

"நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்த நம்ம வீட்டுப் பொண்ணைத் திருடின்னு சொல்லணுமா? மத்த அஞ்சு பேர் வீட்டுக்கும் பேர் இல்லியாடா?" என்றார் பெரியவர் தம்பியிடம்.

"தொழிற்சாலை போயிடும்ணா."

"தெரியும். ஆனா வந்த பிறகு அங்கயும் ஒரு கோடு கூட்டுவாங்க. ஊர்ல இருக்கிற எல்லாரையும் நாளைக்கே திருத்திடுவியா நீ?"

பெரியவர் பட்டறைக்குப் போய்ப் பழைய வெர்னியரை எடுத்துவந்து, தாடையை மூடி, பொறியாளர் அம்மாளிடம் நீட்டினார். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க படிச்சவங்கதான் ஊர் முழுக்க இருக்காங்களா?"

"எல்லாப் பட்டறையிலயும் இருக்காங்க. எங்கப்பா காரணத்தோட சொல்லிக்கொடுத்தார். நாங்க காரணத்தை விட்டுட்டோம். பிள்ளைங்க மேல தப்பு இல்லீங்க."

பொறியாளர் அம்மாள் வெளியே வந்து ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டார். தொழிற்சாலை வேறோர் ஊரில் எழும்பியது.

பிள்ளைகள் காப்பியடித்துப் பிடிபட்டதால்தான் அது கைநழுவிப் போயிற்று என்று இன்னமும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். ஆறு பேரில் ஒருவரும் அடுத்தவர் சீட்டைப் பார்க்கவில்லை. கற்றுக்கொடுத்தபடி எழுதினார்கள்.